வண்டி வேலையும் தறி வேலையும்

சென்ற மாதம் நமது சங்க அலுவலகத்தில் கூலிப் பட்டுவாடா முடியும் தருவாயில், புத்தூரைச் சேர்ந்த அங்கத்தினர் ஒருவர், பெற்ற பணத்தை எண்ணிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பின்னும் போகாமல் நின்றார். என்ன விஷயம் என்று கேட்டோம். "ஐயா, ஆறு மாதமாக மாலை வேளைகளில் டெலிவரி வேலை பார்த்து வருகிறேன். முழு நேரமும் அதற்கே போய்விடலாமா என்று வீட்டில் பேச்சு. குழித்தறியை மூடிவிட்டால் அந்த இடத்தில் வண்டியும் நிற்கும். சங்கம் என்ன சொல்கிறது?" என்றார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. நெசவாளர் சங்கம் நடத்துகிறவர்கள் 'தறியை விடாதீர்கள்' என்று சொல்வதில் அதிசயம் ஒன்றும் இல்லை; அப்படிச் சொல்ல நாக்கு ஒன்று போதும். ஆனால் அன்று அவருக்கு எண்ணிக் கொடுத்த கூலி எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். அதை அறிந்து வைத்துக்கொண்டு உபதேசம் செய்வது முறையாகாது என்று தோன்றிற்று. வாரம் பொறுத்து வரும்படி சொல்லி அனுப்பினோம். அந்த ஒரு வாரத்தில் நாம் விசாரித்ததும் கணக்கிட்டதும் அங்கத்தினர் அனைவருக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

இது அவர் ஒருவருடைய கேள்வி அன்று. மாலை ஏழு மணிக்குப் புத்தூர் நால்ரோட்டில் நின்று பார்ப்பவர்களுக்கு இது விளங்கும். தில்லை நகரின் குறுக்குத் தெருக்களிலுள்ள உணவு விடுதிகளின் வாசல்களில் முதுகிலும் வண்டியிலும் சதுரப் பைகளைச் சுமந்த இளைஞர்கள் கைப்பேசியைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். ஒருவர் அரசு மருத்துவமனைப் பக்கம் விரைகிறார், ஒருவர் உறையூருக்கு, ஒருவர் காவிரிப் பாலம் கடந்து ஸ்ரீரங்கத்திற்கு. அந்த முகங்களுள் சில நமக்குத் தறி மேடையிலும், உய்யக்கொண்டான் கரையின் வாழைத் தோட்டங்களிலும் பழக்கமான முகங்கள். இத்தகைய வேலைகளில் ஈடுபட்டோர் 2020-21-ஆம் ஆண்டில் நாடெங்கும் 77 லட்சம் பேர் என்றும், 2029-30-க்குள் இது 2 கோடியே 35 லட்சமாகும் என்றும் நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. மறுபுறம், 2019-20-ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கிற்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு என்று கூறிற்று. இவ்விரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவர், நெசவாளி வண்டியேறுவதைக் குறை கூறமாட்டார்.

நம் உறையூர்த் துணியின் பெருமை பழையது. கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதி வைத்த கடல்வழிக் குறிப்பில் 'அர்கரு' என்னும் ஊரின் மெல்லிய துணி பேசப்படுகிறது; அந்த ஊர் உறையூரே என்பது அறிஞர் பலரின் கொள்கை. ஆயினும் இந்தப் பெருமையைக் காட்டி ஒருவரைத் தறியில் அமர்த்திவைக்க முடியாது. பழம்பெருமைக்கு ரேஷன் கடையில் மதிப்பில்லை. ஆகவே உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்கின்படியே பேசுவோம்.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். தறியோ தோட்டமோ உள்ள குடும்பத்தினர் டெலிவரி வேலையை மாலை வேலையாகவே வைத்துக்கொள்வது நலம். அதற்காகத் தறியை எடுத்துவிடுவது, இன்றுள்ள நிலையில், நஷ்டம்.

'முழு நேர வேலை' என்ற சொல்லைக் கேட்டவுடன் திருச்சிக்காரர்களுக்கு என்ன நினைவு வரும்? திருவெறும்பூர் பி.எச்.இ.எல். ஆலையும் பொன்மலை ரயில்வே பணிமனையும் நினைவுக்கு வரும். மாதச் சம்பளம், வார ஓய்வு, சேமநல நிதி, மருத்துவ வசதி, போனஸ் ஆகிய எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கியவை. நேரம் முழுவதையும் கொடுத்தால் பாதுகாப்பு முழுவதும் கிடைக்கும் என்பதே அந்த ஏற்பாடு. டெலிவரி வேலையில் நேரம் முழுவதையும் கொடுக்கலாம். பாதுகாப்பு முழுவதும் வராது. சுவிக்கி, சொமேட்டோ போன்ற நிறுவனங்கள் தம்மிடம் வண்டியோட்டுவோரைத் தொழிலாளி என்று அழைப்பதில்லை. 'பங்காளி' என்றே அழைக்கின்றன. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஓட்டுபவரும் பங்காளி, பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுபவரும் பங்காளி. உடல்நலம் கெட்டு ஒரு வாரம் படுத்துவிட்டால் இருவருக்கும் வருமானம் பூஜ்யமே. வித்தியாசம் என்னவென்றால், முன்னவர் வீட்டில் தறி இருக்கும்.

சட்டமும் இதே வழியில்தான் நிற்கிறது. 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. செயலி வழியே வேலை பெறுவோரைப் பெயரிட்டு அங்கீகரித்த முதல் மத்தியச் சட்டம் அது. அந்த அளவில் வரவேற்கத் தக்கது. நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டை, ஊழியர்க்கு வழங்கும் தொகையில் 5 விழுக்காட்டிற்கு மேற்படாமல், நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று அது விதிக்கிறது. ஆனால் இவ்வேலை முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியில் உள்ளது என்ற விளக்கத்தின் மேலேயே அந்த ஏற்பாடு எழுப்பப்பட்டுள்ளது. ஆகவே குறைந்தபட்சக் கூலியும் பணிக்கொடையும் இதனால் வந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் இத்தகைய ஊழியர்க்கென 2023-இல் தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. மாலையில் மட்டும் ஓட்டும் அங்கத்தினர்களும் இதிலும், மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவிலும் தம் பெயர் ஏறுமா என்று விசாரித்து முயல வேண்டும்.

அயல்நாட்டிலும் வழக்கு முடிந்தபாடில்லை. வாடகைக் கார் ஓட்டுவோர் உழைப்பாளர்களே, செயலியைத் திறந்து காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2023 நவம்பரில், உணவு கொண்டு சேர்ப்போர் தமக்குப் பதில் வேறொருவரை அனுப்ப உரிமையுள்ளவர்களாதலால் தொழிற்சங்க வழியே கூலி பேசும் உரிமைக்கு அவர்கள் ஊழியராகக் கருதப்படமாட்டார்கள் என்றது. அங்கே நிலைமை அப்படியிருக்க, இங்கே நாளைக்கே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பித் தறியை விற்பது எவ்விதத்தில் புத்திசாலித்தனம்?

இனி வரவு செலவைப் பார்ப்போம். கீழ்க்கண்ட எண்கள் உதாரணத்திற்காக நாம் எடுத்துக்கொண்டவை. தொகை ஊருக்கு ஊர், வாரத்திற்கு வாரம் மாறும். அங்கத்தினர்கள் தத்தம் எண்களை இட்டுப் பார்க்க வேண்டுகிறோம், முறைதான் முக்கியம்.

காலை 11 மணி முதல் இரவு 10 மணி வரை, 11 மணி நேரம் ஒருவர் ஓட்டுகிறார். 20 ஆர்டர்கள், ஒன்றுக்குச் சராசரி 35 ரூபாய் எனில் 700 ரூபாய். எண்ணிக்கையை எட்டியதற்கு ஊக்கத் தொகை 150. ஆக 850 ரூபாய். இரவு வீட்டுக்கு வந்ததும் வாயில் வருவது இந்த எண்தான். '850 சம்பாதித்தேன்' என்பார். கொண்டு கொடுத்த தூரமும் வெறும் வண்டியாகத் திரும்பிய தூரமும் சேர்ந்து 100 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டி, பெட்ரோல் 102 ரூபாய் எனில் எரிபொருளுக்குச் சுமார் 227 ரூபாய். டயர், சங்கிலி, பிரேக், எண்ணெய் மாற்றுதல், வண்டியின் மதிப்புத் தேய்தல் இவற்றிற்குக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால் 100. கைப்பேசிக் கட்டணம், வெளியில் குடிக்கும் தேநீர் 40. செலவு 367 போக, மிச்சம் 483 ரூபாய். மணிக்கு 44 ரூபாய்.

இப்போது மாலை மட்டும் ஓட்டுபவரைப் பார்ப்போம். ஆறரை முதல் பத்தரை வரை நான்கு மணி நேரம். ஊரார் உணவு வரவழைக்கும் நேரம் அதுவேயாதலால் காத்திருத்தல் குறைவு. 10 ஆர்டர்கள், 350 ரூபாய். ஊக்கத் தொகை எட்டவில்லை. தூரம் 45 கிலோமீட்டர். பெட்ரோல் 102, தேய்மானம் 45, சில்லறை 15. மிச்சம் 188 ரூபாய். மணிக்கு 47 ரூபாய்.

ஊக்கத் தொகை இல்லாமலே மாலைக்காரர் மணிக்கு மூன்று ரூபாய் கூடுதலாகப் பெறுகிறார். காரணம் எளிது. பிற்பகல் மூன்று மணிக்கு மரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு கைப்பேசி எப்போது ஒலிக்கும் என்று காத்திருக்கும் நேரத்திற்கு யாரும் கூலி தருவதில்லை. முழு நாள் ஓட்டுவோர் தம் நாளில் பெரும்பகுதியை அந்த மரத்தடியில்தான் சேர்த்துக்கொள்கிறார்.

ஆனால் வயிறு மணிக்கணக்கில் நிரம்புவதில்லை, நாள் கணக்கில்தான் நிரம்புகிறது என்று அங்கத்தினர் சொல்லக்கூடும். நியாயம். 483-க்கும் 188-க்கும் உள்ள வித்தியாசம் 295 ரூபாய். ஆகவே முழு நேரமா, பகுதி நேரமா என்ற கேள்வியை இப்படி மாற்றிக் கேட்க வேண்டும்: மீதமுள்ள ஏழு மணி நேரத்தில் வீட்டுத் தறி 295 ரூபாய் தருமா? தந்தால் தறியை எடுப்பதில் ஒரு காசு லாபமில்லை. தராவிட்டால், எவ்வளவு குறைகிறது, அந்தக் குறைவுக்கு ஈடாகத் தறி வேறு எதைத் தருகிறது என்று பார்க்க வேண்டும்.

இங்கேதான் பலரும் ஒரு பெரிய தொகையைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். தறி ஒருவருடைய வேலையன்று. கணவர் நாடா எறிய, மனைவி தார் சுற்றுகிறார்; பாவு பிணைக்கையில் இருவரும் வேண்டும்; சில வீடுகளில் கணவர் எழுந்ததும் மனைவியே தறியில் அமர்ந்துவிடுகிறார். கூலிச் சீட்டில் ஒரு பெயர் இருந்தாலும் அது இரண்டு பேரின் கூலி. நாம் மேலே சொன்ன அங்கத்தினரின் வீட்டிற்கும் சென்றிருந்தோம். அவருடைய மனைவி நெடுநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இவர் வண்டியில் போய்விட்டால் நான் யாருக்குத் தார் சுற்றுவது? என்னையும் சேர்த்துத்தானே தறியை எடுக்கச் சொல்கிறார்கள்?" என்று கேட்டார். நாம் எழுதிக் கொண்டுபோன கணக்குத் தாளில் அந்த அம்மாளுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. வெட்கத்தோடு அங்கேயே திருத்தினோம். தறியை மூடினால் கணவருடைய ஏழு மணி நேரத்தோடு மனைவியின் உழைப்புக்கும் கூலி நின்றுபோகிறது. அவர் வெளியே வேறு வேலை தேடினால் பிள்ளைகளையும் வயோதிகர்களையும் யார் பார்த்துக்கொள்வது என்ற செலவும் எழுகிறது.

அடுத்து, தறியோடு ஒட்டி வருபவை. கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதத்திற்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. கூட்டுறவுச் சங்க நெசவாளர்களின் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில், கூலியில் ஒரு பங்கை நாம் செலுத்த, அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. அறுபது வயதுக்குப் பின் முதியோர் ஓய்வூதியத் திட்டம் உண்டு. இவை எல்லாம் சங்கத்திற்குத் துணி நெய்து கொடுக்கும் அங்கத்தினருக்கு உரியவை. தறி நின்றால் ஒவ்வொன்றாக நிற்கும். வாரத்தில் சில நாட்களாவது நெய்து சங்கத்தில் துணி கொடுப்பவருக்கு நிற்பதில்லை. நாற்பது வயதில் இது சிறிய விஷயமாகத் தோன்றும். ஐம்பத்தைந்தில் தோன்றாது. அந்த வயதில் ஒருவர் சித்திரை வெயிலில் நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் ஓட்ட முடியுமா என்று நாமே யோசித்துக்கொள்ள வேண்டும். தறியிலோ அந்த வயதினர் நம் சங்கத்தில் பலர் இருக்கின்றனர்.

சாலை விபத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது இருதரப்பினர்க்கும் பொது. சொந்த உபயோகத்திற்கென எடுத்த வண்டிக் காப்பீட்டில், கூலிக்குப் பொருள் ஏற்றினால் இழப்பீடு கிடையாது என்ற நிபந்தனை இருக்கக்கூடும். பாலிசித் தாளில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்தவர் எத்தனை பேர்? காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு, எழுத்து மூலமாகவே பதில் பெற்றுக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேராமல் ஒருவரும் வண்டியை எடுக்க வேண்டாம். டெலிவரி நிறுவனமும் காப்பீடு தரக்கூடும். ஆனால் அது எந்த நேரத்திற்குச் செல்லும், கடைசி ஆர்டரைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் வழியில் செல்லுமா என்று கேட்டு வையுங்கள்.

பகுதி நேரம் என்பது தேனும் பாலும் என்று நாம் சொல்லவில்லை. ஊக்கத் தொகை முழுவதும் நீண்ட நேரம் ஓட்டுவோர்க்கே வாய்க்கும்படி அமைந்தால், மாலைக்காரர் எட்டாத படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இன்னும் இரண்டு ஆர்டர் முடித்தால் இத்தனை ரூபாய் என்று கைப்பேசி ஆசை காட்டும், பத்தரை பதினொன்றரையாகும். மறுநாள் காலையில் கால் மிதியில் இருக்கும், கண் மூடிக்கொள்ளும். இழை அறுந்தது தெரியாமல் ஒரு முழம் ஓடிவிடும். சென்ற தீபாவளிக்கு முன் நம் சங்கத்திற்கு வந்த துணிகளில் குறை காணப்பட்டவற்றுள் சில, இரவு வண்டி ஓட்டும் அங்கத்தினர்களுடையவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. குறைத் துணிக்குக் கூலி பிடித்தால் முந்தின இரவின் 188 ரூபாயில் எவ்வளவு மிஞ்சும்? ஆகவே பகுதி நேரம் என்றால் அதற்கு ஓர் எல்லைக்கல் நட வேண்டும். இத்தனை மணிக்குச் செயலியை மூடுவேன், வாரத்தில் ஒருநாள் திறக்கவே மாட்டேன் என்று வீட்டாரிடம் சொல்லி வைத்துக்கொள்வது நல்லது. சொந்த மனத்திடம் மட்டும் சொன்னால் போதாது.

எவருமே முழு நேரம் போகக் கூடாது என்பதும் நம் கட்சியன்று. தறியே இல்லாத, மணமாகாத இளைஞர், அவசரக் கடனை அடைக்க ஓராண்டு முழு நேரம் ஓட்டுவதில் தவறில்லை. ஓராண்டு என்ற கெடு இருக்க வேண்டும். மாதக்கணக்கில் நூல் கிடைக்காமல் தறி முடங்கிய வீட்டில் வேறு வழியும் இல்லை. அப்போதும் தறியை விற்காமல், அச்சையும் விழுதையும் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போகலாமே என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். விற்ற தறியைத் திரும்ப வாங்கியவரை நாம் இதுவரை கண்டதில்லை.

விவசாய அங்கத்தினர்களின் நிலை சற்று வேறு. வாழைக்குக் கன்று நடுதல், மண் அணைத்தல், முட்டுக் கொடுத்தல், தார் வெட்டுதல் என்று வேலை அலையலையாக வரும், நடுவில் ஓய்வுண்டு. அந்த ஓய்வில் மாலை வேலை நன்கு பொருந்தும். ஆனால் காற்று மழை எச்சரிக்கை வந்த நாளில், முட்டுக் கொடுக்க வேண்டியவர் தில்லை நகரில் நின்றால், ஓர் ஆண்டின் உழைப்பு ஓர் இரவில் சாயும். வாழைக்கு அக்கறையாக ஓர் ஆள் அருகிலேயே இருக்க வேண்டும். சிலர் 'குட்டி யானை' வண்டி கடனில் வாங்கி முழு நேரம் சரக்கு ஏற்றலாம் என்கின்றனர். அதில் மாதத் தவணை என்று ஒன்று உண்டு. அது விளைச்சலையும் பார்க்காது, விலையையும் பார்க்காது. காந்தி மார்க்கெட்டுக்கு நம் சரக்கையே ஏற்றிச் செல்ல நான்கைந்து அங்கத்தினர்கள் சேர்ந்து ஒரு வண்டி வாங்குவதாயிருந்தால் பேசலாம்.

இவ்வளவும் அங்கத்தினர்க்குச் சொன்னோம். சங்கத்திற்குச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. மேலே 295 ரூபாய் என்றோமே, அந்த எண்ணைத் தறி எட்டுவதும் எட்டாததும் பெரும்பாலும் சங்கத்தின் கையில் இருக்கிறது. பாவு தீர்ந்த நெசவாளி அடுத்த நூலுக்கு எத்தனை நாள் காத்திருக்கிறார்? துணி கொடுத்த நாளுக்கும் கூலி பெறும் நாளுக்கும் இடையில் எத்தனை நாள்? டெலிவரி வேலையின் உண்மையான கவர்ச்சி தொகையின் அளவில் இல்லை. வாரத்திற்கு வாரம் தவறாமல் பணம் கணக்கில் வந்து விழுகிறது என்பதில் இருக்கிறது. பால்காரருக்கும் பள்ளிக்கும் தவணை சொல்ல வேண்டியதில்லை. கூட்டுறவு என்று பெயர் வைத்துக்கொண்டு நாம் அங்கத்தினரின் கூலியைத் தாமதப்படுத்தினால், அவர் செயலியை நம்புவதில் என்ன தவறு? நூல் இல்லாமல் சும்மா கிடந்த தறியின் நாட்களைச் சங்கம் இனி ஒரு பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்றும், அந்தப் பதிவேடு மாதந்தோறும் நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும் என்றும் நாம் கோருகிறோம். துணி ஒப்படைக்கும் கெடுவும் மாலை வேலை பார்ப்போருக்குச் சிறிது நீட்டிக் கொடுக்கப்படலாம். அவர்களைப் பாதி அங்கத்தினராகப் பார்க்கும் மனப்பான்மை நம்மில் சிலரிடம் உண்டு. அது ஒழிய வேண்டும்.

கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அந்த மனப்பான்மை வரவே நியாயமில்லை. இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் 1844 டிசம்பர் 21-ஆம் தேதி கடை திறந்த முன்னோடிகள் 28 பேர். நெசவாளர்கள் அவர்களுள் பலர். பகலெல்லாம் தம் தொழிலைப் பார்த்துவிட்டு, மாலையில் முறை வைத்துக் கடையில் நின்று மாவும் வெண்ணெயும் நிறுத்துக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் அந்தக் கடை வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டுமே திறந்திருந்தது. உலகக் கூட்டுறவுக்கு வழிகாட்டியவர்கள் மாலை வேலைக்காரர்கள்தாம்.

அவர்கள் வேறொருவரின் கடையில் மாலை வேலை பார்க்கவில்லை, தமக்கெனக் கடை வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டெலிவரி வேலையிலும் அது நடக்காததன்று. பிரான்ஸில் 2017-இல் தோன்றிய 'கூப்சைக்கிள்' என்னும் கூட்டமைப்பில், சைக்கிளில் பொருள் கொண்டு சேர்க்கும் தொழிலாளர்கள் ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, செயலியைப் பொதுவில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். அவ்வளவு பெரிய காரியத்தை நாம் நாளைக்கே தொடங்க முடியாது. ஆனால் நம் சேலைகளை வாங்குவோர் திருச்சி நகரிலேயே இருக்கின்றனர். நம் வாழைப்பழம் வேண்டும் வீடுகளும் விடுதிகளும் ஸ்ரீரங்கத்திலும் கண்டோன்மெண்டிலும் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு சேர்க்கும் வேலையை, ஏற்கெனவே வண்டியும் அனுபவமும் உள்ள நம் அங்கத்தினர் நால்வருக்கு மாலையில் கொடுத்துப் பார்க்கலாம். கூலி கிலோமீட்டர் கணக்கில், திரும்பி வரும் தூரத்திற்கும் சேர்த்து. மூன்று மாதம் நடத்தி, நஷ்டமானால் நிறுத்திவிடலாம்.

அந்த அங்கத்தினர் சொன்னபடியே மறு வாரம் வந்தார். நம் கணக்குத் தாளை அவர் முன் வைத்தோம். அவர் தம் எண்களை இட்டார். அவருடைய வண்டி 40 கிலோமீட்டர்தான் தருகிறது. ஆர்டருக்கு நாம் எழுதியதைவிட இரண்டு ரூபாய் கூடுதலாக வருகிறதாம். தறியின் பக்கத்தில், நூல் தடையின்றி வந்த மாதத்தையும், நூல் வராத மாதத்தையும் தனித்தனியே எழுதினார். முதல் மாதத்தில் தறியும் மாலை வண்டியும் சேர்ந்து முழு நேர வண்டியை மிஞ்சின. இரண்டாம் மாதத்தில் மிகவும் பின்தங்கின. தாளைத் திருப்பி நம்மிடமே நீட்டி, "இது என் கணக்கு இல்லை, ஐயா, உங்கள் கணக்கு" என்றார். பொங்கல் வரை தறியை எடுப்பதில்லை என்றும், அதற்குள் நூல் எத்தனை நாள் தவறுகிறது என்று குறித்து வைக்கப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

வரும் பொதுக்குழுவில் நூல் வழங்கீட்டுப் பதிவேடு பற்றியும், சங்கத்தின் சொந்த டெலிவரி முயற்சி பற்றியும் தீர்மானங்கள் கொண்டுவர உத்தேசித்துள்ளோம். வண்டி வேலை பார்க்கும் அங்கத்தினர்கள் தத்தம் ஒரு மாத வரவு செலவை எழுதிக்கொண்டு தவறாமல் வர வேண்டும்; மனைவிமாரையும் அழைத்து வாருங்கள். கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கே தொடங்கும். ஆறு மணிக்குள் முடித்துவிடுகிறோம். ஆறரைக்குப் பலருக்கு வேலை இருக்கிறது.